ஒவ்வொரு பிளேயிலும் ஜெயித்தது யார்? ஒரு சீசன் முழுக்கப் போட்ட கணக்கு

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, என் மகள் படிக்கும் கல்லூரியின் கால்பந்து அணி 17-24 என்று தோற்றது. கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்து. மிஷிகனில் இருக்கும் சின்னக் கல்லூரி அது. மூன்றாம் டிவிஷன் அணி என்பதால் விளையாட்டுக்கென்று உதவித்தொகை வாங்கும் பையன் ஒருவன்கூட அந்த மைதானத்தில் கிடையாது. மகள் அணிவகுப்பு பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறாள். இடைவேளையில் அவள் வாசிப்பதைப் பார்க்கத்தான் போயிருந்தேன். நான்கு குவார்ட்டரும் உட்கார்ந்து பார்த்ததில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பெரும்பாலான நேரம் எங்கள் பையன்கள்தான் எதிரணியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கோர்போர்டு அப்படிச் சொல்லவில்லை.

காரில் வரும்போது மகளிடம் இதைச் சொன்னேன். "உங்களுக்கு அப்படித் தோணுதுப்பா. கணக்கு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். என்னிடம் கணக்கு இல்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு கோடு போட்ட நோட்டும் இரண்டு பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். நவம்பர் வரை என்ன செய்தேன், எங்கெல்லாம் தப்பு செய்து திருத்தினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையைத் தொடங்க நினைப்பவருக்குப் பாதி நாள் மிச்சமாகும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்கு டவுன் என்று பெயர். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி முதல் டவுன், முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு முயற்சியும் ஒரு பிளே. பந்து நகர்ந்து, ஐந்தாறு நொடியில் யாராவது விழுந்து, விசில் ஊதினால் முடிந்தது. கபடியில் புள்ளி விழும் ஒவ்வொரு ரெய்டும் தனியாக ஒருவருக்குச் சேருவதுபோல இங்கேயும் ஒவ்வொரு பிளேயையும் தாக்கும் அணியோ தடுக்கும் அணியோ ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் ஜெயித்த ரெய்டுக்கு உடனே புள்ளி ஏறும். இங்கே பெரும்பாலான பிளேக்களுக்கு ஸ்கோர்போர்டில் ஒன்றும் ஏறாது. ஆகவே யார் ஜெயித்தார் என்பதை நாம்தான் அளக்க வேண்டும், அளப்பதற்கு முதலில் ஒரு அளவுகோல் வேண்டும்.

என் முதல் அளவுகோல் எளிமையானது. 4 யார்டு கிடைத்தால் தாக்கும் அணிக்கு வெற்றி, குறைந்தால் தோல்வி. ஒரு குவார்ட்டர்கூட அது தாங்கவில்லை. மூன்றாம் டவுன், இன்னும் 1 யார்டு வேண்டும் என்ற நிலையில் எங்கள் பையன் இரண்டு யார்டு முண்டியடித்துப் போனான். பெஞ்சே எழுந்து குதித்தது. என் நோட்டில் அது தோல்வி. அடுத்த முறை மூன்றாம் டவுனில் 8 யார்டு வேண்டும், 6 யார்டுதான் வந்தது, பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுத்தார்கள். என் நோட்டில் அது வெற்றி.

யார்டு என்பது டவுனையும் தூரத்தையும் பொறுத்து விலை மாறும் சரக்கு. இதை முன்பே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். பாப் கேரல், பீட் பால்மர், ஜான் தோர்ன் மூவரும் 1988-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு விதி சொன்னார்கள். முதல் டவுனில் தேவையான தூரத்தில் 40 சதவீதம், இரண்டாம் டவுனில் 60, அதற்குப் பிறகு முழுசாகக் கிடைத்தால் அந்தப் பிளே வெற்றி. கல்லூரி ஆட்டத்துக்கு, கால்பந்துப் புள்ளிவிவரம் எழுதும் பில் கானலி அதையே 50, 70, 100 என்று இறுக்கினார். சக்சஸ் ரேட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நான் 50, 70, 100-ஐ எடுத்துக்கொண்டேன். மனக்கணக்குக்கும் அது வசதி: முதல் டவுனில் 10 வேண்டுமென்றால் 5, இரண்டாம் டவுனில் 10 வேண்டுமென்றால் 7. கோல் கோட்டுக்கு 8 யார்டு தூரத்தில் முதல் டவுன் கிடைத்தால் தேவை 8-தான், எனவே 4 போதும். இதை முதல் வாரம் மறந்து ஐந்து பிளேயைத் தப்பாகக் குறித்தேன். கோட்டருகே ஆட்டம் வந்ததும் பென்சிலால் பக்க ஓரத்தில் ஒரு வட்டம் போடும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது.

நோட்டில் ஆறு கட்டம் வைத்தேன்: டவுன், வேண்டிய தூரம், கோல் கோட்டுக்கு எத்தனை யார்டு, பந்தோடு ஓட்டமா எறிந்த பாஸா, கிடைத்த யார்டு, வெற்றி தோல்வி. கடைசிக் கட்டத்தை மைதானத்தில் நிரப்புவதில்லை. ஒரு பிளே முடிந்ததிலிருந்து அடுத்ததைத் தொடங்க 40 நொடி கடிகாரம் ஓடுகிறது. அதற்குள் 10 யார்டை அளக்கும் சங்கிலிக்காரர்கள் கம்பத்தை எங்கே நட்டிருக்கிறார்கள் என்று பார்த்து ஐந்து கட்டத்தை நிரப்பினாலே பெரிய விஷயம். அவசரப்படும் அணி 15 நொடியில் அடுத்ததை ஆரம்பித்துவிடும். அப்போதெல்லாம் கோல் கோட்டுத் தூரத்தை மட்டும் எழுதினேன். அது சரியாக இருந்தால் மற்றதை வீட்டில் கழித்து எடுத்துவிடலாம். உட்காரும் இடமும் முக்கியம். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தவரை மேல் வரிசையில் உட்கார வேண்டும். கீழ் வரிசையிலிருந்து பார்த்தால் 3 யார்டும் 5 யார்டும் ஒன்றுபோல் தெரியும்.

எதை எண்ணுவது, எதை விடுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. ஆட்டம் கையில் இருக்கும்போது குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி, எறிந்து ஆட்டத்தை நடத்துபவன்) முழங்காலை ஊன்றி நேரத்தைக் கரைப்பான். கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடிப்பான். இரண்டிலும் யாரும் யாரையும் எதிர்த்து விளையாடவில்லை, நீக்கிவிட்டேன். பன்ட் (பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது), ஃபீல்ட் கோல் (கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பது) உதைகளையும் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

பெனால்டிதான் சிக்கல். பந்து நகரும் முன்பே ஒருவன் அசைந்துவிட்டால் பிளேயே நடக்கவில்லை. 5 யார்டு பின்னால் போய் முதல் டவுனில் 15 வேண்டும் என்றாகும், தேவை 7.5. இதில் குழப்பமில்லை. ஆனால் தாக்கும் அணியின் லைன்மேன் (முன்வரிசையில் நின்று வழிமறிப்பவன்) எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்ததால் 12 யார்டு ஓட்டம் ரத்தானால்? அதிகாரபூர்வ தாளில் அந்தப் பிளே இல்லவே இல்லை. பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சட்டையைப் பிடிக்கும் நிலை வந்ததே எதிராளி அவனைத் தாண்டிவிட்டதால்தான். தடுப்பவர் ஜெயித்த பிளே அது. தடுக்கும் அணிக்கு வெற்றி என்று எழுதினேன். அதே நியாயத்தில், பாஸைப் பிடிக்கப் போனவனைத் தடுப்பவன் மோதித் தடுத்திருந்தால் தாக்கும் அணிக்கு வெற்றி. கல்லூரி விதிப்படி அதற்கு 15 யார்டுக்கு மேல் கிடைக்காது. தொழில்முறை ஆட்டத்தில் மோதிய இடத்திலேயே பந்தை வைப்பார்கள். இந்த இரண்டு வகைக்கும் தனி நிறம் கொடுத்தேன். என் கணக்கோடு உடன்படாதவர் அந்த வரிகளைக் கழித்துவிட்டு எண்ணிக்கொள்ளலாம்.

பந்து பறிபோனால் எத்தனை யார்டு வந்திருந்தாலும் தோல்விதான். 2006 ஜனவரி 4 அன்று நடந்த ரோஸ் பவுல், கல்லூரிகளின் தேசிய சாம்பியன் ஆட்டம். அதன் முதல் பாதியில் யுஎஸ்சியின் (தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) ரெஜி புஷ் ஒரு பாஸைப் பிடித்து வெகுதூரம் ஓடினார். விழப்போகும் நேரத்தில் பக்கத்தில் வந்தவனுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டார். அது நழுவி எதிரணியான டெக்சாஸ் கைக்குப் போனது. யார்டு மட்டும் பார்த்தால் அந்த ஆட்டத்தின் அருமையான பிளேக்களில் ஒன்று.

மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு கையெழுத்தை நம்புவதை நிறுத்தினேன். கல்லூரி தன் தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிளே வரிசையை எழுத்தாக வெளியிடுகிறது. அதை எடுத்து வரி வரியாகப் பிரிக்க ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினேன். டவுனும் தூரமும் எளிதாக வந்துவிட்டன. யார்டில்தான் கோளாறு. இழப்பை எதிர்மறை எண்ணாக எழுதாமல் 'இத்தனை யார்டு இழப்பு' என்று வார்த்தையாக எழுதுவார்கள். என் நிரல் 7 யார்டு இழப்பை 7 யார்டு லாபமாகப் படித்தது. எங்கள் அணி திடீரென்று பிரமாதமாக ஆடியதாகக் கணக்கு வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. நோட்டோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தேன். நிரலை நம்பி நோட்டைக் குப்பையில் போட்டிருந்தால் அந்தப் பிழை சீசன் முழுக்க இருந்திருக்கும். நீங்கள் செய்தால் ஒரு ஆட்டத்தையாவது கையால் முழுசாக எழுதுங்கள்.

அதைவிடப் பெரியது சாக் விவகாரம். குவார்ட்டர்பேக் பாஸ் எறிவதற்குள் அவனைப் பிடித்து வீழ்த்துவதுதான் சாக். தொழில்முறை ஆட்டத்தில் அந்த இழப்பை அணியின் பாஸ் யார்டிலிருந்து கழிப்பார்கள். கல்லூரிக் கணக்கில் அதை ஓட்டமாக எழுதுகிறார்கள். பாஸ் போடப் போய் விழுந்தவனின் இழப்பு ஓட்டக்காரர்கள் தலையில் வந்து விழுகிறது. அக்டோபரில் எங்கள் அணி ஆடிய ஓர் ஆட்டத்தின் தாளில் 38 ஓட்டம், 112 யார்டு என்றிருந்தது. சராசரி 3-க்கும் குறைவு. 'ஓட்டமே எடுபடவில்லை' என்று பின் வரிசையில் பேசிக்கொண்டார்கள். அந்த 38-ல் 5 சாக், அவற்றில் போனது 36 யார்டு. அவற்றைப் பாஸ் பக்கத்துக்கு மாற்றினால் 33 ஓட்டத்தில் 148 யார்டு, சராசரி 4.5. ஓட்டம் நன்றாகவே போயிருக்கிறது, பாஸ்தான் தடுமாறியது. பயிற்சியாளர் ஏன் அவ்வளவு ஓட்டம் கூப்பிட்டார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கல்லூரிக் கணக்கைத் தொடும் யாரும் முதலில் செய்ய வேண்டிய வேலை, சாக் வரிகளைத் தேடிப் பிடித்து பாஸ் என்று மாற்றுவது.

வெற்றி எண்ணிக்கை கிடைத்துவிட்டது. ஒரு ஆட்டத்தில் ஓர் அணிக்கு அறுபது எழுபது பிளே வரும். அதில் 40 சதவீதத்தை ஒட்டி ஜெயித்தால் நடுத்தரம், பாதியை ஜெயித்தால் பலமான நாள். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எண்ணிக்கை மட்டும் எதை விழுங்கிவிடும் என்று சோதிக்க, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முடிவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

2018 ஜனவரி 8, அட்லான்டா. தேசிய சாம்பியன் ஆட்டம், கூடுதல் நேரம். ஜார்ஜியா 51 யார்டு ஃபீல்ட் கோல் போட்டு 23-20 என்று முன்னே நிற்கிறது. இனி அலபாமாவின் முறை, விதிப்படி 25 யார்டு கோட்டில் பந்து. முதல் டவுனில் டுவா டாகோவைலோவாவைப் பிடித்து வீழ்த்துகிறார்கள், 16 யார்டு இழப்பு. தேவை 5, கிடைத்தது மைனஸ் 16. தடுப்புக்கு வெற்றி. அந்த இழப்பின் கனத்தைப் பாருங்கள். கம்பம் கோட்டுக்குப் பின்னே நிற்பதாலும், உதைக்கப் பந்தைப் பின்னே தள்ளி வைப்பதாலும் 17 யார்டு கூடும். 25-ல் நின்றால் சமன் செய்ய உதைக்க வேண்டிய தூரம் 42 யார்டு. 41-க்குப் போனதும் அது 58. கல்லூரி உதைகாரனுக்கு அது கனவுத் தூரம். அடுத்து இரண்டாம் டவுன், 26 யார்டு வேண்டும். 70 சதவீதம் என்றால் 18.2. டிவான்டா ஸ்மித்துக்கு 41 யார்டு பாஸ், டச் டவுன் (பந்தோடு கோல் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி), 26-23, கோப்பை. என் தாளில் இரண்டு பிளே, ஆளுக்கொரு வெற்றி, சமம்.

எத்தனை முறை ஜெயித்தார்கள் என்று ஒரு எண் இருந்தால், எவ்வளவு ஜெயித்தார்கள் என்று இன்னொரு எண்ணும் வேண்டும் என்பது அப்போது உறைத்தது.

அந்த இரண்டாவது எண்ணைத் தேடிப் போனவர்களில் முன்னோடி ஒரு குவார்ட்டர்பேக். விர்ஜில் கார்ட்டர், சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்காரர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் மக்கோலோடு சேர்ந்து 1971-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1969 தொழில்முறை சீசனின் 8,373 பிளேக்களை எடுத்து, ஓர் இடத்தில் முதல் டவுன் கிடைத்தால் அடுத்து விழும் புள்ளி சராசரியாக யாருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். கோலுக்கு 95 யார்டு தூரத்தில் நின்றால் மைனஸ் 1.245. அதாவது பந்து உங்களிடம் இருக்கிறது, ஆனால் அடுத்த புள்ளி எதிரணிக்குப் போகவே வாய்ப்பு அதிகம். 75 யார்டில் 0.236. 55-ல் 1.538. 45-ல் 2.392. 25-ல் 3.681. 5 யார்டில் 6.041.

இந்தப் பட்டியலைப் பார்த்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மைதானமே விலைச் சீட்டு ஒட்டிய கடைபோலத் தெரிந்தது. ஒரு பிளேக்கு முன் நின்ற இடத்தின் விலை, பின் நின்ற இடத்தின் விலை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பிளேயின் மதிப்பு. இன்று இபிஏ (எதிர்பார்க்கும் புள்ளியில் ஒரு பிளே கூட்டியது எவ்வளவு) என்று சொல்லிக் கணினியில் செய்வது இதன் வளர்ச்சிதான். இப்போதைய மாதிரிகள் டவுன், தூரம், மிச்ச நேரம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கின்றன. நான் பழைய பட்டியலையே பென்சிலால் பயன்படுத்தினேன். இடைப்பட்ட யார்டுகளுக்கு நேர்கோட்டில் பங்கிட்டுக்கொண்டேன். பட்டியல் முதல் டவுனுக்கு மட்டும் என்பதால் ஒரு முதல் டவுனிலிருந்து அடுத்த முதல் டவுன் வரை ஒரு தொகுதியாக எடுத்தேன்.

ஒரு எச்சரிக்கை. 1969-ல் தொழில்முறை மைதானங்களில் கோல் கம்பம் கோல் கோட்டின் மேலேயே நின்றது. 1974-ல்தான் 10 யார்டு பின்னே கொண்டுபோனார்கள். கல்லூரியில் 1927 முதலே பின்னால்தான். ஆகவே 25, 35 யார்டு விலைகள் கல்லூரிக்குக் கொஞ்சம் அதிகம். வித்தியாசங்களை ஒப்பிட இது போதும், தசமப் புள்ளிக்குச் சண்டை போட இது போதாது.

மறுபடியும் 2006 ரோஸ் பவுல். யுஎஸ்சி 38-33 என்று முன்னே, 2 நிமிடம் 13 நொடி மிச்சம். டெக்சாஸின் 45-ல், அதாவது 100 யார்டு மைதானத்தில் டெக்சாஸ் கோல் கோட்டுக்கு 45 யார்டு தூரத்தில், நான்காம் டவுன், 2 யார்டு வேண்டும். பந்தை லென்டேல் ஒயிட்டிடம் கொடுத்தார்கள். அன்றைக்கு 124 யார்டு ஓடி மூன்று டச் டவுன் போட்டவர் அவர். ஒரு யார்டுதான் கிடைத்தது. என் சீட்டுப்படி, அந்த இன்னொரு யார்டு வந்து 43-ல் முதல் டவுன் ஆகியிருந்தால் யுஎஸ்சிக்கு 2.55. வராததால் டெக்சாஸுக்கு, யுஎஸ்சி கோட்டுக்கு 56 யார்டு தூரத்தில் பந்து, விலை 1.48. இரண்டையும் கூட்டினால் 4 புள்ளி. ஒரு யார்டின் விலை 4 புள்ளி! கடிகாரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். 19 நொடி மிச்சமிருக்க வின்ஸ் யங் நான்காம் டவுனில் 8 யார்டு ஓடி முடித்தார், 41-38. மொத்த யார்டில் யுஎஸ்சி 574, டெக்சாஸ் 556. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஒரு யார்டு எங்கே தெரியும்?

இனி விட்டுவைத்த வினை. உதை பிளேக்களை நீக்கினேன் என்றேன் அல்லவா? 2013 நவம்பர் 30, ஆபர்ன் மைதானம். 28-28, ஒரு நொடி மிச்சம். அலபாமா 57 யார்டு உதைத்தது, பந்து குறைந்து விழுந்தது. கோல் பகுதிக்குள் அதைப் பிடித்த கிறிஸ் டேவிஸ் மைதானம் முழுக்க ஓடி டச் டவுன் போட்டார். 34-28. மொத்த யார்டில் அலபாமா 495, ஆபர்ன் 393. அலபாமா அன்றைக்குத் தவறவிட்ட நான்கு ஃபீல்ட் கோல்களில் அது கடைசி. என் முறைப்படி எழுதினால் அந்த ஆட்டத்தை முடித்துவைத்த பிளேக்கே வரி கிடையாது. அன்றே உதைகளுக்குத் தனித் தாள் திறந்தேன். வெற்றி தோல்வி என்று குறிக்கவில்லை, முன்விலை பின்விலை மட்டும். பன்ட்டுக்கும் அதுவே.

எதிர்முனையில் ஓர் அழகான விஷயம் உண்டு. கல்லூரி ஆட்டத்தில் 2021 முதல், மூன்றாம் கூடுதல் நேரத்திலிருந்து ஆளுக்கு ஒரே பிளே, 3 யார்டு கோட்டிலிருந்து. உள்ளே போனால் 2 புள்ளி, இல்லையென்றால் இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 23 அன்று இல்லினாயும் பென் ஸ்டேட்டும் ஒன்பது கூடுதல் நேரம் வரை இழுத்தார்கள். இல்லினாய் 20-18 என்று ஜெயித்தது. நான் தேடும் அளவுகோலை விதியே களத்தில் நட்டுவைத்திருக்கிறது அங்கே. டவுன் இல்லை, தூரக் கணக்கு இல்லை, ஒரு பிளே, ஒரு வெற்றியாளர்.

இவ்வளவும் கையில் வந்த பிறகு செப்டம்பரில் தோற்ற அந்த முதல் ஆட்டத்தைத் தளத்திலிருந்து எடுத்து முழுசாகப் போட்டேன். எங்கள் அணி 64 பிளேயில் 29 வெற்றி, 45 சதவீதம். எதிரணி 58-ல் 24, 41 சதவீதம். நான் பார்த்தது பொய்யில்லை. பிறகு விலைச் சீட்டு. எதிரணியின் 25-ல் முதல் டவுன் கிடைத்த தொகுதியில் எங்கள் பாஸை கோல் பகுதியில் பிடித்துக்கொண்டார்கள், பந்து அவர்கள் 20-க்குப் போனது. எங்களுக்கு நஷ்டம் 3.48. எங்கள் 35-ல் தொடங்கிய இன்னொரு தொகுதியில் பாஸைப் பறித்து எங்கள் 25 வரை ஓடி வந்தார்கள், நஷ்டம் 4.60. அவர்கள் தங்கள் 25-லிருந்து ஒரே பாஸில் 75 யார்டு போட்டார்கள். டச் டவுனும் அதைத் தொடரும் உதையும் சேர்ந்த 7 புள்ளியில் முன்விலையைக் கழித்தால் 6.76. மூன்றும் சேர்ந்து 14.84. தோற்ற வித்தியாசம் 7. மீதமுள்ள நூற்றுச் சொச்சம் பிளேயில் நாங்கள்தான் மேலே.

மகளிடம் தாளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்த மூணு பிளேயும் ஆட்டம்தானேப்பா" என்றாள். ஆமாம். அவற்றைக் கழித்துவிட்டு நாங்கள் ஜெயித்தோம் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தரவில்லை. ஆனால் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று கேட்டால் நான் 45, 41-ஐத்தான் பார்ப்பேன். பந்து பறிபோவதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. முதல் டவுனில் ஐந்து யார்டு திரும்பத் திரும்ப எடுப்பதில் அதன் பங்கு சிறிது. அந்தச் சீசனில் எங்கள் அணி அதற்குப் பிறகு ஆடிய நான்கு உள்ளூர் ஆட்டங்களில் மூன்றை ஜெயித்தது. நான்கு ஆட்டம் எதையும் நிரூபிக்காது, தெரியும். சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒருபக்கமாக முடிந்துபோன ஆட்டங்களின் கடைசிக் குவார்ட்டரையும் நீக்கினேன். இரண்டாம் நிலைப் பையன்கள் களமிறங்கிய பிறகு நடப்பது வேறு ஆட்டம். 24 புள்ளிக்கு மேல் வித்தியாசம் என்பது என் எல்லை. வேறு எண் வைப்பவரோடு வாதாட மாட்டேன்.

கடைசியாக ஒரு முயற்சி. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது, மிகவும் கஷ்டப்படுத்தியதும் இதுதான். ஐந்து யார்டு ஓட்டம் தாளில் ஓடியவன் பெயரில் இருக்கும். வழி திறந்த ஐந்து லைன்மேன்களின் பெயர் எங்கேயும் இருக்காது. எனக்கு முன் வரிசையில் எங்கள் இடது கார்டு (நடுவில் நிற்பவனுக்கு இடப்பக்கத்து லைன்மேன்) பையனின் அப்பா அம்மா உட்காருவார்கள். பந்து எங்கே போனாலும் அவர்கள் கண் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கும். 'அவன் இன்னைக்கு எப்படி ஆடினான்னு உங்க நோட்டுல இருக்கா?' என்று அந்த அம்மா ஒருநாள் கேட்டார். என்னிடம் இல்லை.

தொழில்முறை ஆட்டத்தில் வீரர்களின் தோள் கவசத்துக்குள் சிப் இருக்கிறது. அதை வைத்து ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனல் ஒரு கணக்குப் போடுகிறது: பாஸ் பிளேயில் லைன்மேன் தன் தடுப்பை 2.5 நொடி தாங்கினால் அவனுக்கு வெற்றி. எங்களிடம் சிப் ஏது? போன் இருந்தது. நொடிக்கு 30 படம் எடுக்கும் வீடியோவில் 2.5 நொடி என்பது 75 படம். பந்து நகரும் படத்தை முதல் படமாக வைத்து, எதிராளி அவன் தோளைத் தாண்டும் படம் எது என்று ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினேன். ஒரு குவார்ட்டரின் பாஸ் பிளேக்களுக்கு மூன்று இரவு ஆனது.

பாதிப் பிளேயில் தீர்ப்பே சொல்ல முடியவில்லை. நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் எடுத்த படத்தில் ஓரத்து லைன்மேனான டேக்கிளின் உடம்பு கார்டை மறைத்துவிடுகிறது. யார்டு பார்க்க நல்ல இடம், லைன்மேனைப் பார்க்கக் கெட்ட இடம். தெளிவாகத் தெரிந்த 9 பிளேயில் அந்தப் பையன் 7-ல் 75 படத்தைத் தாண்டி நின்றிருந்தான். இரண்டில் ஒன்று 71. தாளை அந்த அம்மாவிடம் கொடுத்தபோது அந்த 71-ஐப் பற்றித்தான் முதலில் கேட்டார், எந்தப் பிளே, எதிரே யார் நின்றது என்று.

அவன் அப்பா அடுத்த சீசனுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். கோல் கம்பத்துக்குப் பின்னால், மேட்டில் ஒரு முக்காலி வைத்து அவர் எடுப்பார். அங்கிருந்து ஐந்து பேரும் தனித்தனியாகத் தெரிவார்கள். நான் வழக்கம்போல நடுக்கோட்டில் நோட்டோடு இருப்பேன். இரண்டு வீடியோவையும் எப்படி ஒரே படத்தில் தொடங்கவைப்பது என்பதுதான் இன்னும் தீரவில்லை. நடுவரின் விசில் சத்தத்தை வைத்துப் பொருத்தலாமா என்று பார்க்கிறோம். ஆகஸ்டில் அணி தனக்குள்ளேயே பிரிந்து ஆடும் பயிற்சி நாள் ஒன்று வரும். முதல் சோதனை அன்றைக்கு.